பருந்துக்கு வைத்த ஆள்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். முதலில் போனது கறுப்புக் கோழியா, புள்ளிக் கோழியா என்று கேட்டால் இன்றைக்கு ஒன்று சொல்வேன், நாளைக்கு வேறொன்று சொல்வேன். தூக்கிக்கொண்டு போனது பருந்துதானா என்பதுகூட உறுதியில்லை. வல்லூறாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்த பிளம்பர் ஒருவர் சொன்னார். நான் பார்த்தது சுவருக்கு மேலே ஏறிப்போன ஒரு பழுப்பு முதுகையும், அதன் அடியில் தொங்கிய இரண்டு மஞ்சள் கால்களையும் மட்டும். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுவது என் வேலை. முப்பத்தொரு வருடம் எண்களைத் தப்பில்லாமல் எழுதியவன். அந்த ஐந்து மாதங்களை மட்டும் எப்போது எடுத்துப் பார்த்தாலும் முள் வேறு இடத்தில் நிற்கிறது.

பருந்து என்றே சொல்லிவிடுகிறேன். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். 'நாங்கள்' என்று பழக்கத்தில் வந்துவிட்டது. அப்போது வீட்டில் நான் ஒருவன்தான்.

மகளுக்குக் குழந்தை பிறக்கும் நேரம் என்று என் மனைவி வெளியூருக்குப் போயிருந்தாள். ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றுதான் போனாள். போகிற அன்று காலையில், பை வாசலில் இருக்க, அவள் பின்முற்றத்தில் கோழிகளோடு நின்றிருந்தாள். ஆறு கோழிகள். எல்லாமே சின்ன உடம்பு, முக்கால் வளர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பேர் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் விரட்டிக்கொண்டு முதலில் தின்னும் சிவப்புக் கோழி 'மேனேஜர்'. எது சாப்பிட்டாலும் அதன் முதுகில் ஒரு கொத்து வைத்துவிட்டுப் போகும் வெள்ளைக் கோழி 'நாத்தனார்'. என் தங்கை ஒருமுறை வந்திருந்தபோது, "ஏய் நாத்தனார், எத்தனை தின்னாலும் உனக்குப் பத்தாதா?" என்று பின்பக்கமிருந்து சத்தம் வர, தங்கை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனைவியே ஓடிவந்து கோழியைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது.

"பருந்து ஒண்ணு ரெண்டு வாரமா மேல சுத்துது. பாத்துக்கோங்க," என்றாள் கிளம்பும்போது. "நான் வர்றப்ப ஆறும் இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் அப்படியே திரும்பிப் போயிடுவேன்."

"ம்," என்றேன்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் அதை அன்றைக்குச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் இரண்டானது. குழந்தைக்குச் சளி என்றாள். பிறகு மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை என்றாள். தினமும் மாலை ஏழு மணிக்குப் போன் வரும்.

"சாப்ட்டீங்களா?"

"ம்."

"என்ன சாப்ட்டீங்க?"

"இருந்தது."

"கோழிங்க?"

"இருக்கு."

"சரி, வெக்கிறேன்."

எனக்குப் பேசத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். உள்ளே நிறைய ஓடும். அது வாய்க்கு வருவதற்குள் எதிரில் இருப்பவர் எழுந்து போயிருப்பார். "உங்களைப் படிக்கறதுக்கும் ஒரு மீட்டர்காரர் வேணும். உள்ள முள்ளு சுத்துது, மேல கண்ணாடி மங்கிக் கிடக்கு," என்று அவள் ஒருமுறை சொன்னாள். அது எந்த வருடம் என்று நினைவில்லை. கோபமாகச் சொன்னாளா, களைப்பாகச் சொன்னாளா என்பதும் நினைவில்லை. வேலையும் எனக்கு வசதியான வேலை. ஒரு வீட்டு வாசலில் நின்று "மீட்டர்!" என்று ஒரு குரல். கதவு திறக்கும். கொக்கிக் கம்பியால் இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் டார்ச் அடித்து, துணியால் கண்ணாடியைத் துடைத்து, எண்ணை எழுதி, மூடியைப் போட்டுவிட்டு அடுத்த வீடு. ஒரு நாளில் நூற்றைம்பது வாசல், நூற்றைம்பது முறை ஒரே சொல்.

முதல் கோழி போனது மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் சமையலறையில் இருந்தேன். முற்றத்தில் திடீரென்று சத்தமே இல்லாமல் போனது. கோழிகள் கத்துவதைவிடக் கத்தாமல் இருப்பது பயமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மற்றவை துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பதுங்கியிருந்தன. நடுவில் கொஞ்சம் இறகு. சுவருக்கு மேலே அந்த முதுகு.

அன்று மாலை போன் வந்தது.

"கோழிங்க?"

"இருக்கு."

பொய் சொல்வதற்கு எனக்குத் தனியாக ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. தினமும் சொல்கிற அதே வார்த்தைதான்.

அன்று படுத்துக்கொண்டு யோசித்தேன். அவள் திரும்பி வருவதற்கு என்ன இருக்கிறது? மகள் அங்கே. பேரக்குழந்தை அங்கே. பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் அங்கே. இங்கே நானும் கோழிகளும். அதிலும் தினமும் அவள் கேட்பது கோழிகளைத்தான். ஆறும் இருந்தால் அவள் வருவாள், குறைந்தால் வரமாட்டாள். வளர்ந்த மனிதன் இப்படி நினைப்பதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் காலையில் எழுந்தபோதும் அந்த நினைப்பு கட்டிலில் அவள் படுக்கும் பாதியில் அப்படியே இருந்தது.

பருந்தை நிறுத்த வேண்டும். அதற்கு என் வேலை உதவியது. எத்தனையோ வீட்டு முற்றங்களுக்குள் போய்வருபவன் நான். அதுவரை குழிகளை மட்டுமே பார்த்திருந்தேன். அந்த வாரத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு வீட்டில் பழைய சிடிக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலில் அவை சுழன்று சுவரெல்லாம் வெளிச்சத்தை அள்ளி வீசின. நானும் வீட்டிலிருந்த சிடிக்களைத் தேடி எடுத்தேன். மகளின் கல்யாண சிடியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு மீதி பதினொன்றையும் கட்டினேன். நான்கு நாள் பருந்து வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, சிடி கட்டிய கம்பத்தின் உச்சியிலேயே உட்கார்ந்து அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் தூண்டில் நரம்பை முற்றத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள். நானும் கட்டினேன். ஒரு மூலையில் இரண்டு முழ இடைவெளி விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவது கோழி அந்த மூலையில்தான் போனது.

"கோழிங்க?"

"இருக்கு."

நான்கு இருந்தன.

பிளம்பர் வீடு என் வட்டத்தில் கடைசித் தெரு. மாடியிலும் முற்றத்திலும் புறா வளர்ப்பவர். மீட்டரைப் பார்த்துவிட்டு எழுந்தபோது அவர் புறாக்கூண்டுக்குப் பக்கத்தில் சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு பொம்மை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். நானாக ஒருவரிடம் கேள்வி கேட்டது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"இது பருந்துக்கா?"

"அட, மீட்டர் சார் பேசுறாரே!" என்றார். "ஆமா சார், பருந்துக்குத்தான். சிடி, ரிப்பன் எல்லாம் பிள்ளை வெளையாட்டு. ஆள் வைங்க. ஆள் நடமாட்டம் இருக்குன்னு தெரிஞ்சா அது கிட்டயே வராது. நான் நாலு வருஷமா ஆள் வெச்சிருக்கேன், ஒரு புறா போகல."

"பயப்படுதா?"

"ஒரே எடத்துல வெச்சா ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிடும். தெனமும் எடம் மாத்தணும். இன்னிக்கு உக்கார வைங்க, நாளைக்கு நிக்க வைங்க, நாளான்னிக்கு ஜன்னல் பக்கம். அதுக்குக் கண்ணு மட்டும் இல்ல சார், ஞாபகமும் இருக்கு. நம்மள மாதிரி கெடையாது."

கடைத்தெருவில் ஒரு துணிக்கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். அங்கும் மீட்டர் என்னுடையதுதான். கடைசி எண்ணை எழுதி, இணைப்பை மூடிவிட்டு வரும்போது, சுவரோரம் நின்ற பெண் பொம்மைகளில் ஒன்றைக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எடுத்துட்டுப் போங்க. ஒரு கை இல்ல, பரவால்லையா?" என்றார். சைக்கிள் கேரியரில் படுக்கவைத்துக் கட்டி, மேலே சாக்குப் போட்டு மூடி, தள்ளிக்கொண்டே வந்தேன். கால் இரண்டும் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தெருவில் எதிரே வந்த ஒரு தபால்காரர் சைக்கிளை விட்டே இறங்கிவிட்டார்.

முதலில் அதை அப்படியேதான் முற்றத்தில் நிறுத்தினேன். பருந்து மிரளும் முன்பே கோழிகள் மிரண்டன. மேனேஜர்கூடக் கூட்டை விட்டு வெளியே வரவில்லை. என் சட்டையைப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை. கதவுக்குப் பின்னால் கொக்கியில் மனைவியின் நீல நைட்டி தொங்கிக்கொண்டிருந்தது, மஞ்சள் பூப்போட்டது, தீனி போடும்போது அவள் உடுத்துவது. அதைப் போட்டுவிட்டேன். தலையில் முடி இல்லாததால், அவள் வேலை செய்யும்போது கட்டுவதுபோல ஒரு துண்டைச் சுற்றிக் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் நாத்தனார் வெளியே வந்து அதன் காலடியில் ஒரு கொத்து கொத்திவிட்டு மண்ணைக் கிளற ஆரம்பித்தது. நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். பொம்மை எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தது. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. அடுப்பில் வைத்த பால் தீய்ந்த வாசனை வந்தபிறகுதான் உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு ஒரு கோழிகூடப் போகவில்லை. பருந்து வரும். உயரத்தில் ஒரு வட்டம் போட்டுப் பார்க்கும். போய்விடும்.

தினமும் காலை ஆறரை மணிக்கு நான் அதை இடம் மாற்றுவேன். சாயங்காலம் வீட்டுக்குள் தூக்கிவந்து சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். கனம் அதிகமில்லை, ஆனால் இடுப்பில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். முதல் நாள், "கொஞ்சம் நகரு," என்றேன். கோழிகளிடம் சொன்னதாகத்தான் நினைத்தேன். இரண்டாம் நாள், "இன்னிக்கு இந்தப் பக்கம் நில்லு, அங்க வெயில்," என்றேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, முந்தின நாள் ஒரு வீட்டுக் குழியில் மீட்டரின் மேல் ஒரு தவளை குடியிருந்ததையும், அதை நகர்த்தி எண்ணைப் பார்த்ததும் அது திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்ததையும் சொன்னேன். அவசரமில்லாமல் சொல்ல முடிந்தது. நடுவில் நிறுத்தினால் அது எழுந்து போகவில்லை. வார்த்தை கிடைக்கும்வரை நின்றது. இரண்டு கோழிகள் போனதையும் அதனிடம்தான் முதலில் சொன்னேன்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரம்மா வீடு. ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். இரண்டு கண்ணிலும் புரை. ஒரு நாள் நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"தம்பி, வீட்ல அம்மா வந்துட்டாங்க போல?"

நான் திரும்பிப் பார்த்தேன். அது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து நின்றிருந்தது. காற்றில் நைட்டி அசைந்தது.

"நானும் மூணு நாளா கூப்பிடுறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க. எம்மேல ஏதாவது வருத்தமா?"

இல்லை டீச்சரம்மா, அது பொம்மை. ஆறு வார்த்தைகூட இல்லை. சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது என்பது உண்மை. 'வீட்ல அம்மா வந்துட்டாங்க' என்று இன்னொருவர் வாயிலிருந்து கேட்டது, அதை உடனே உடைக்க மனம் வராதபடி இருந்தது என்பதும் உண்மை.

"ம்," என்றேன்.

டீச்சரம்மா அன்று மத்தியானமே என் மனைவிக்குப் போன் செய்திருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். "ஏம்மா, ஊருக்கு வந்துட்டு இப்படி மொகத்தைத் திருப்பிக்கறியே, நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டிருக்கிறார். "நான் இன்னும் மக வீட்லதான் இருக்கேன் டீச்சர்," என்றிருக்கிறாள் அவள். பிறகு டீச்சரம்மா குரலைத் தாழ்த்தி, "அப்ப உன் நைட்டியப் போட்டுட்டு உன் முற்றத்துல நிக்கறது யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

ஏழு மணிக்குப் போன் வந்தது. அன்று சாப்ட்டீங்களா என்று அவள் கேட்கவில்லை.

"பருந்து இன்னும் வருதா?"

"இப்ப கிட்ட வர்றதில்ல. ஆள் வெச்சிருக்கேன்."

பின்னால் குழந்தை அழுதது. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"என்ன வெச்சிருக்கீங்க?"

"ஆள்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்."

"வெளியில யாருக்காவது தெரியுமா?"

"இதுல மறைக்க என்ன இருக்கு? பிளம்பர்தான் வெச்சுக்கச் சொன்னார்."

"பிளம்பர் சொன்னாரா!"

"அவரே நாலு வருஷமா வெச்சிருக்கார்."

அவள் மூச்சு விடுவது கேட்டது.

"ராத்திரில எங்க?"

"வீட்டுக்குள்ளதான். வெளிய விட்டா பனியில நனைஞ்சிடும்ல."

"என் நீல நைட்டியா?"

"ம். அதான் சரியா இருக்கு."

போன் நின்றுவிட்டது. சிக்னல் போயிருக்கும் என்று நினைத்தேன். அந்த ஐந்து மாதங்களில் நாங்கள் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். போனை மேசைமேல் வைத்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் மாலை போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன், அணைத்து வைத்திருந்தாள். அதற்கடுத்த நாள் காலை ஆறரைக்கு வழக்கம்போல் அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்காரவைக்க ஒரு நாற்காலி போட்டிருந்தேன். துண்டைச் சரியாகக் கட்டிவிட்டு, நானும் கல்லின்மேல் உட்கார்ந்தேன். முந்தின நாள் எங்கள் தெருவின் முறை. எங்கள் வீட்டு மீட்டரையும் நான்தான் பார்த்தேன். அதை அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நம்ம வீட்டு மீட்டர் பாதியாயிடுச்சு. ஒரு வீட்ல ஆள் கொறஞ்சா பக்கத்து வீட்டுக்குத் தெரியறதுக்கு முன்னாடி மீட்டருக்குத் தெரிஞ்சிடும். எத்தனையோ வீட்ல பாத்திருக்கேன். எண்ணைப் பாத்ததும் தெரியும், இங்க யாரோ போயிட்டாங்கன்னு. கேக்க மாட்டேன். எழுதிட்டு வந்துடுவேன். நேத்து நம்ம குழிய மூடவே முடியல. மூடியக் கையில புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்."

நாத்தனார் தலையைத் தூக்கிப் பக்கவாட்டுச் சந்தைப் பார்த்தது. நானும் பார்த்தேன். சந்தின் முனையில், தோளில் பையோடு என் மனைவி நின்றிருந்தாள். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த முகம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக நாற்காலிக்கு வந்து முன்பக்கம் போய் நின்று அதன் முகத்தைப் பார்த்தாள். சாயம் போன மூக்கு, ஒரு கை, துண்டு. பிறகு சிரித்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுவா? இதுக்கா நான் பஸ்ல ஒரு பொட்டு தூங்கல?" கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "பிளம்பர் வெச்சுக்கச் சொன்னாராம்! நானும் மகளும் அந்த பிளம்பரை என்னென்ன திட்டு திட்டினோம் தெரியுமா!" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சரம்மா, "யாரு சிரிக்கறது?" என்றார். அது அவளை இன்னும் சிரிக்கவைத்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கோழிகளைப் பார்த்தாள். விரலை நீட்டி எண்ணினாள்.

"நாலுதான் இருக்கு."

"ம்."

"போன்ல தெனமும் இருக்குன்னீங்க."

நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு போயிடுச்சுன்னு இதுகிட்ட சொன்னீங்களா?"

நாற்காலியில் இருந்ததை இன்னொரு முறை பார்த்தாள். இந்தத் தடவை, சந்தில் நின்றபோது எந்த முகத்தோடு அதைப் பார்த்தாளோ அந்த முகம். பிறகு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் இருந்தாள். வீட்டைக் கூட்டிப் பெருக்கினாள், ஜன்னல்களைத் துடைத்தாள். டீச்சரம்மாவைக் கூட்டிவந்து பொம்மையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். "கை ஒண்ணு இல்லையே, பாவம்," என்றார் டீச்சரம்மா. "இருந்திருந்தா கன்னத்துல ஒண்ணு குடுத்திருக்கும் டீச்சர்," என்றாள் அவள். இரண்டாம் நாள் அதன் நைட்டியைக் கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டாள். அலமாரியிலிருந்து என் பழைய காக்கிச் சட்டை ஒன்றை எடுத்துவந்து அதற்கு மாட்டினாள்.

"கோழி மிரளும்," என்றேன்.

"மிரளாது. இத்தனை நாள்ல பழகியிருக்கும்." கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். "பேசாம நிக்கறதுக்கு உங்க சட்டைதான் பொருத்தம்."

மூன்றாம் நாள் சாப்பிடும்போது, மகள் அடுத்த வாரம் வேலைக்குப் போக வேண்டும், குழந்தை என்னிடம்தான் தூங்குகிறது, நாளைக்குக் கிளம்புகிறேன் என்றாள். சொல்லிவிட்டுத் தட்டில் கை வைத்தபடி என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

போகாதே என்பது ஒரு வார்த்தை. அது உள்ளே எங்கேயோ கிளம்பி வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ம்," என்றேன்.

அவள் எழுந்து தட்டைக் கழுவப் போனாள்.

காலையில் பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பதினைந்து நிமிட நடை. ஒன்றும் பேசவில்லை. பஸ் திருப்பத்தில் தெரிந்தது. அப்போது எனக்கு வார்த்தை வந்தது. அவசரமாக, யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் வந்தது.

"நம்ம வீட்டு மீட்டர் பாதியாயிடுச்சு."

அவள் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கேட்டேன். அன்னிக்கு அதுகிட்ட சொல்லிட்டிருந்தீங்கல்ல," என்றாள்.

பஸ் வந்து நின்றது. ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கை காட்டினாள். நானும் கை காட்டினேன் என்று நினைக்கிறேன்.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. என் மனைவி மகள் வீட்டில்தான் இருக்கிறாள். வருடத்துக்கு இரண்டு முறை வருவாள், நான்கு நாள் இருப்பாள். பேத்தி பள்ளிக்கூடம் போகிறது. போனில் என்னைவிட நன்றாகப் பேசுகிறது. டீச்சரம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது, நன்றாகப் பார்த்தார், போன வருடம் காலமானார். பிளம்பர் மாடி வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார்; புறாக்களைத் திறந்துவிட்டார் என்று சொன்னார்கள். நான்கு கோழிகளில் மூன்று வயதாகிச் செத்தன. மேனேஜர் கடைசியாகப் போனது. நாத்தனாரை என் தங்கை கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அங்கே ஒரு நாய் கடித்துவிட்டது. வயதாகிச் செத்தவை இரண்டுதானோ என்றும் தோன்றுகிறது; அப்படியானால் நான்காவது என்னவாயிற்று என்று எனக்கு நினைவில்லை. பருந்து இப்போதும் வருகிறது. இறங்குவதற்கு இங்கே ஒன்றும் இல்லை. காக்கிச் சட்டைக்காரரைத் தினமும் காலையில் இடம் மாற்றி வைக்கிறேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் தெரு மீட்டர்களை இப்போது தெருவில் நின்றபடியே ஒரு கருவியை நீட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். யாரும் குரல் கொடுப்பதில்லை.